சிபில் ஏற நாலு கார்டு வேண்டுமா?

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். வயது 23. சொந்த ஊர் பாலக்கோடு பக்கம், வேலை ஓசூர் சிப்காட்டில், கைக்கு வருவது மாதம் 24,000. ஒரு கிரெடிட் கார்டு இருக்கிறது, லிமிட் 40,000. அறையில் கூடத் தங்கியிருக்கும் நண்பர்கள் ஆளுக்கு மூன்று நாலு கார்டு வைத்திருக்கிறார்கள், "கார்டு கூடக் கூட சிபில் ஏறும்" என்கிறார்கள். நாலைந்து வருடத்தில் ஊரில் அப்பா பெயரில் இருக்கும் இடத்தில் வீடு கட்ட வங்கிக் கடன் வாங்க வேண்டும். அதற்குள் ஸ்கோரை ஏற்ற எத்தனை கார்டு, எந்த வரிசையில் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி கார்டு எண்ணிக்கையைப் பற்றியது போலத் தெரிந்தாலும், உங்களுக்கு உண்மையில் வேண்டியது வேறு. நாலு வருடம் கழித்து வீட்டுக் கடன் மேசையில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் ரிப்போர்ட்டைத் திறந்தால் கையெழுத்துப் போடுவாரா, மாட்டாரா என்பதுதான் அது. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அந்த மாதிரி மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் என்பதால் எழுதுகிறேன். முடிவை முன்னாலேயே சொல்லிவிடலாம்: இப்போதைக்கு இருக்கிற ஒன்று போதும், ஒரு வருடம் அதை ஒழுங்காக ஓட்டிவிட்டு இரண்டாவது வாங்கலாம். மூன்றாவது, நாலாவது கார்டுக்கு உங்கள் சம்பளத்தில் வேலையே இல்லை.

சிபில் என்று எல்லாரும் சொல்வது, நம் கடன் விவரங்களைத் திரட்டி வைக்கும் நாலு நிறுவனங்களில் ஒன்றின் பெயர். எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், க்ரிஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று இருக்கின்றன. கடன் கொடுக்கும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் உங்கள் கணக்கு விவரத்தை இந்த நாலுக்கும் அனுப்பியாக வேண்டும். அந்த விவரங்களின் தொகுப்புதான் ரிப்போர்ட், அதை வைத்துப் போடும் மதிப்பெண்தான் ஸ்கோர், 300 முதல் 900 வரை. இந்த ரிப்போர்ட்டை நம் ஊர் மொய் நோட்டு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு எவ்வளவு நிலம், வீட்டில் எத்தனை பவுன் என்றெல்லாம் அதில் இருக்காது, எழுத வேண்டியதை எழுதினாரா என்பது மட்டும் இருக்கும். உங்கள் சேமிப்புக் கணக்கில் மூன்று லட்சம் கிடந்தாலும் ஸ்கோர் ஒரு புள்ளி ஏறாது. கடனே வாங்காதவருக்கு ஸ்கோரே இருக்காது. இதைப் பலர் தப்பாகப் புரிந்துகொண்டு, "நான் யாரிடமும் பத்துப் பைசா கடன் வாங்கியதில்லை, எனக்கு ஏன் சிபில் இல்லை" என்று கோபமாக வந்து நிற்பார்கள். கோபம் நியாயம்தான். ஆனால் நோட்டில் பெயரே இல்லாதவரைப் பற்றி நல்லதும் சொல்ல முடியாது, கெட்டதும் சொல்ல முடியாது.

மேசையில் இருப்பவர் ஸ்கோரை மட்டும் பார்ப்பார் என்று நினைக்காதீர்கள். ஸ்கோர் வாசலைத் தாண்ட மட்டும்தான். உள்ளே வந்த பிறகு பார்ப்பது பக்கங்களை. ஒவ்வொரு கடனுக்கும், ஒவ்வொரு கார்டுக்கும் கீழே சின்னச் சின்னக் கட்டங்களாக ஒரு வரிசை இருக்கும். ஒரு கட்டம் ஒரு மாதம். கெடு தாண்டி எத்தனை நாள் என்பது மூன்று இலக்கத்தில் இருக்கும். நேரத்துக்குக் கட்டியிருந்தால் 000. இப்படி 36 மாதம் வரைக்கும் தெரியும். 000, 000, 000 என்று ஓடிக்கொண்டே வந்து நடுவில் ஒரு 034 நின்றால் கண் நேராக அங்கேதான் போகும். "2023 நவம்பரில் என்னப்பா ஆச்சு?" என்று கேட்போம். "தங்கச்சி கல்யாணம் சார்" என்றால் சரி, புரிகிறது, மேலே போகலாம். அதே மாதிரி நாலு கார்டில் மாறி மாறி 034, 061 என்று தெரிந்தால் கேள்வியே கேட்க மாட்டோம்.

இரண்டு பையன்களை எடுத்துக்கொள்வோம். இரண்டு பேருக்கும் ஸ்கோர் 760. ஒருவனிடம் ஒரே கார்டு, மூன்று வருடமாக எல்லாம் 000. இன்னொருவனிடம் நாலு கார்டு, அதில் மூன்று கடந்த எட்டு மாதத்தில் வாங்கியது, நாலிலும் பாதிக்கு மேல் பாக்கி. இரண்டாவது ஆளின் கோப்பைப் பார்க்கும் எந்தக் கடன் அதிகாரிக்கும் முதலில் தோன்றுவது, "இவனுக்கு எங்கேயோ பணம் இடிக்கிறது" என்பதுதான். எண் ஒன்றாக இருந்தும் மரியாதை ஒன்றாக இருக்காது. உங்கள் அறை நண்பர்கள் விட்டுவிடுவது இந்த இடத்தைத்தான்.

அதனால் இதில் சந்தேகமே இல்லாத விஷயம் ஒன்று: ஒவ்வொரு மாதமும் முழு பில்லையும் கடைசித் தேதிக்குள் கட்டுவது. சொல்ல எளிது, தவறுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். முதலாவது ஆட்டோ பே. அதைப் போடும்போது 'முழுத் தொகை', 'மினிமம் தொகை' என்று இரண்டு இருக்கும். அவசரத்தில் மினிமத்தைத் தொட்டுவிட்டு, "ஆட்டோ பே போட்டாச்சு" என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். இன்றைக்கே உங்கள் ஆப்பைத் திறந்து எது இருக்கிறது என்று பாருங்கள். இரண்டாவது தேதி. உங்கள் கம்பெனியில் சம்பளம் 7ஆம் தேதி வருகிறது, கார்டின் கடைசித் தேதி 3 என்றால் மாதாமாதம் நாலு நாள் பற்றாக்குறையில்தான் ஓடுவீர்கள். பில் சுழற்சித் தேதியை ஒரு முறையாவது மாற்றிக்கொள்ள வாடிக்கையாளருக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, கடைசித் தேதி சம்பளத்துக்கு நாலைந்து நாள் பின்னால் விழும்படி மாற்றச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை, ஆயுசுக்கும் உதவும். தேதி தப்பிவிட்டால் உடனே பதற வேண்டாம். மூன்று நாளுக்கு மேல் தாண்டினால்தான் தாமதக் கட்டணம் போடலாம், பாக்கி என்று சிபிலுக்குச் சொல்லலாம். ஆனால் மூன்றைத் தாண்டிவிட்டால் எண்ணிக்கை முதல் நாளில் இருந்தே ஆரம்பிக்கும். அதை நம்பி ஓட்டாதீர்கள்.

மினிமம் கட்டினால் தாமதம் என்று பதிவாகாது என்பது உண்மைதான், கட்டத்தில் 000 விழும். கெடுவது உங்கள் பை. உங்கள் 40,000 லிமிட்டும் தீர்ந்து, நீங்கள் மினிமம் மட்டும் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி மூன்றரை சதவீதம் என்றால் 1,400 ரூபாய். வட்டிக்கு மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், 252. மொத்தம் 1,652. மினிமம் என்று கேட்பது 5 சதவீதம், 2,000 ரூபாய். ஆக நீங்கள் இரண்டாயிரம் கட்டி அசலில் கழிவது 348. இத்தோடு முடிவதில்லை. பாக்கியை இழுத்துக்கொண்டு போகும் காலத்தில் புதிதாக வாங்கும் பொருளுக்கு, கடைசித் தேதி வரை வழக்கமாகக் கிடைக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது, வாங்கிய நாளில் இருந்தே வட்டி ஓடும். வருடத்துக்குக் கணக்குப் போட்டால் 42 சதவீதம். 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னதை, உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. எனவே அந்த வழியில் காப்பாற்ற ஆள் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. ஊரில் மூன்று வட்டிக்கு வாங்கினால் அப்பா திட்டுவார் இல்லையா, இது மூன்றரை வட்டி, அதற்கு மேல் வரி.

இனி உங்கள் நண்பர்கள் சொல்வதில் இருக்கும் உண்மைக்கு வருவோம், ஏனென்றால் முழுப் பொய் என்று தள்ளவும் முடியாது. லிமிட்டில் எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள் என்ற விகிதம் ஸ்கோரைப் பாதிக்கும். உங்கள் 40,000 லிமிட்டில் தீபாவளிக்கு 28,000 ரூபாய்க்கு ஒரு போன் எடுத்தால் 70 சதவீதம். கடைசித் தேதியில் முழுசாகக் கட்டிவிட்டாலும், நடுவில் வங்கி விவரம் அனுப்பிய நாளில் பாக்கி 28,000 என்றுதான் இருந்திருக்கும். கையில் 60,000 லிமிட்டில் இன்னொரு கார்டு இருந்தால் மொத்த லிமிட் ஒரு லட்சம், அதே போன் 28 சதவீதம்தான். "கார்டு கூடினால் சிபில் ஏறும்" என்ற பேச்சு இந்தக் கணக்கில் இருந்து பிறந்ததுதான். கவனியுங்கள், ஏற்றியது கார்டு இல்லை, செலவு கூடாமல் லிமிட் கூடியது. ஆனால் இரண்டாவது கார்டு வந்ததும் செலவும் கூடவே வந்துவிடுகிறது, நான் பார்த்தவரை பெரும்பாலோருக்கு அப்படித்தான்.

இதற்குக் கார்டே வாங்காமல் ஒரு வழி இருக்கிறது. பில் போடும் தேதிக்கு இரண்டு நாள் முன்னாலேயே பெரும்பகுதியைக் கட்டிவிடுங்கள். 28,000இல் 20,000 முன்கூட்டியே போய்விட்டால் பில்லில் வருவது 8,000, 20 சதவீதம். 2025 ஜனவரியில் இருந்து 15 நாளுக்கு ஒரு முறையாவது விவரத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டதால், இப்படிச் செய்தது முன்பைவிடச் சீக்கிரம் ரிப்போர்ட்டில் தெரியும். இன்னொரு வழி, இருக்கும் கார்டிலேயே லிமிட்டைக் கூட்டச் சொல்லிக் கேட்பது. ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டியவருக்குப் பெரும்பாலும் அவர்களே செய்தி அனுப்புவார்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் கூட்டக் கூடாது, அதனால் கேட்பார்கள். அப்போது சரி சொல்லலாம், செலவு ஏறாது என்று உங்கள் மேல் உங்களுக்கு நம்பிக்கை இருந்தால்.

இனிமேல் சொல்வதில் உறுதி குறைவு, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது எல்லாரும் சொல்லும் நல்ல வழக்கம். ஆனால் 29இல் நல்லவர், 31இல் கெட்டவர் என்று ஒரு கோடு இருப்பதாக நினைக்க வேண்டாம். ஸ்கோர் போடும் முழுச் சூத்திரம் வெளியில் கிடையாது. யூடியூபில் 35 சதவீதம் கட்டும் ஒழுங்குக்கு, 30 சதவீதம் பாக்கி அளவுக்கு, 15 சதவீதம் கணக்கின் வயதுக்கு என்று வட்டம் போட்டுக் காட்டுகிறார்களே, அது அமெரிக்காவின் ஃபைகோ ஸ்கோருக்கான பங்கீடு. அதை அப்படியே எடுத்து சிபில் என்று ஒட்டிவிடுகிறார்கள். திசை ஒன்றாக இருக்கலாம், அளவு ஒன்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. "இரண்டாவது கார்டு வாங்கினால் எத்தனை புள்ளி ஏறும்" என்று கேட்டால், எண் சொல்லும் யாரையும் நம்பாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான். புதிதாக வாங்கியவுடன் கொஞ்சம் இறங்கி, சில மாதத்தில் திரும்ப ஏறுவது வழக்கம், அவ்வளவுதான் சொல்ல முடியும். பலவகைக் கடன் இருந்தால் நல்லது என்பதும் இப்படித்தான். கொஞ்சம் உதவும், ஆனால் அதற்காகவே ஒரு பைக் கடனோ தனிநபர் கடனோ வாங்குவது புத்திசாலித்தனம் இல்லை.

விண்ணப்ப விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். கார்டுக்கோ கடனுக்கோ விண்ணப்பித்தால் அந்த நிறுவனம் உங்கள் ரிப்போர்ட்டைத் திறந்து பார்க்கும், பார்த்த தேதியும் பெயரும் அதிலேயே பதிவாகும். ஒரே மாதத்தில் ஐந்து பதிவு இருந்தால், பணத்துக்கு அலைகிறான் என்றுதான் படிப்போம். ஒரு இடத்தில் மறுத்தால் அடுத்த நாளே இன்னொரு இடம், அங்கேயும் மறுத்தால் ஆப்பில் ஒரு லிங்க் என்று போவது மோசமான பழக்கம். குறைந்தது ஆறு மாதம் விடுங்கள். நீங்களே உங்கள் ஸ்கோரைப் பார்ப்பது இதில் சேராது, அதனால் குறையவும் குறையாது. கடையில் போனுக்கும் ஃபிரிட்ஜுக்கும் 'ஜீரோ வட்டி' இஎம்ஐ போடுகிறார்களே, அதுவும் ஒரு கடன்தான், கடன் என்றே ரிப்போர்ட்டில் ஏறும். 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்று ஆப்களில் வருவதும் பெரும்பாலும் அப்படியே. முந்நூறு ரூபாய் பாக்கியை மறந்துவிட்டு, அது ஒரு கடன் கணக்காக ஆறு மாதம் நிலுவையில் நின்ற ரிப்போர்ட் எல்லாம் என் மேசைக்கு வந்திருக்கிறது.

இப்போது நான் உண்மையில் பயப்படும் இடத்துக்கு வருகிறேன். உங்கள் வயதுப் பையன்களின் ரிப்போர்ட் கெட்டதற்குக் காரணம் அவர்கள் செலவாக இருந்ததைவிட, அறையில் கூட இருந்தவரின் செலவாக இருந்ததுதான் அதிகம். "மச்சி, உன் கார்டுல இஎம்ஐ போட்டு ஒரு ஐபோன் எடுத்துக்கறேன், மாசாமாசம் ஜிபே பண்ணிடறேன்" என்று ஆரம்பிக்கும். மூன்று மாதம் சரியாக வரும். நாலாவது மாதம் அவன் கான்ட்ராக்ட் முடியும், அல்லது பெங்களூரில் வேறு வேலை கிடைத்துப் போய்விடுவான். போன் அவன் கையில், பில் உங்கள் பெயரில். அவனிடம் எழுதி வாங்கியிருந்தாலும் வங்கிக்கு அதில் சம்பந்தம் இல்லை. நட்பை முறிக்க வேண்டாம் என்றால், "என் கார்டு லிமிட் முடிஞ்சு போச்சு" என்று சொல்லிவிடுங்கள், பாவம் வராது. பைக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்டால் இன்னும் ஜாக்கிரதை. ஜாமீன் போட்ட கடன் உங்கள் ரிப்போர்ட்டிலும் ஏறும், அவர் கட்டாத மாதங்கள் உங்கள் பக்கத்திலும் தெரியும்.

நாலு கார்டு வைத்திருப்பவர்கள் போய் விழும் குழி இன்னொன்று. ஒரு கார்டின் பில்லைக் கட்டப் பணம் இல்லை. தெரிந்த கடையில் இரண்டாவது கார்டைத் தேய்த்து, இரண்டு மூன்று சதவீதம் கமிஷன் கொடுத்துவிட்டு ரொக்கமாக வாங்கி முதல் கார்டுக்குக் கட்டுவார்கள். அடுத்த மாதம் மூன்றாவது கார்டு. வாடகை கட்டும் ஆப்பில் நண்பனையே வீட்டுக்காரர் என்று போட்டுப் பணத்தை வெளியே எடுத்ததும் உண்டு. பொருள் வாங்காமல் வாங்கியதாகக் காட்டுவது கார்டு நிபந்தனைகளுக்கு விரோதம், கண்டுபிடித்தால் கார்டை முடக்கலாம். அதுகூடப் பெரிதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கமிஷன் பாக்கியில் சேர்ந்துகொண்டே போகும், நாலு லிமிட்டும் முட்டும்போதுதான் ஆட்டம் நிற்கும். அந்த நாள் வரைக்கும் ரிப்போர்ட்டில் எல்லாம் 000 என்றே இருக்கும் என்பதுதான் இதில் உள்ள விஷம். ஸ்கோரைப் பார்த்து, "பார், எனக்கு 770" என்று காட்டிக்கொண்டிருப்பவர் அடுத்த மூன்று மாதத்தில் நாலு கார்டிலும் ஒன்றாக விழுவார். அப்புறம் வசூல்காரர் போன், கடைசியில் 'பாதி கட்டு, முடித்துக்கொள்' என்ற செட்டில்மென்ட். செட்டில்மென்ட் என்றால் கடன் தீர்ந்தது என்று அவர் நினைப்பார். ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்று வருடக்கணக்கில் நிற்கும், அதைப் பார்க்கும் நாங்கள் 'முழுசாகக் கட்டவில்லை' என்று படிப்போம். இப்படி யாராவது ஏற்கெனவே மாட்டியிருந்தால், முடிந்தவரை மொத்த பாக்கியையும் கட்டி, 'நிலுவை இல்லை' என்று கடிதம் வாங்கச் சொல்லுங்கள்.

சரி, இரண்டாவது கார்டு. அடுத்த வருடம் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்? ஆயுள் முழுக்க வருடக் கட்டணம் இல்லாததா என்பது முதலில். சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியிலேயே கேட்டால் கிடைப்பது சுலபம். சிப்காட் வாசலிலும் பெட்ரோல் பங்கிலும் மேசை போட்டு நிற்பவர்கள் 'ஃப்ரீ' என்பார்கள். முதல் வருடம் மட்டும் ஃப்ரீயா, எல்லா வருடமுமா என்று வாயால் கேட்காமல், முக்கிய நிபந்தனைகள் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அந்தத் தாளைக் கொடுப்பது அவர்கள் கடமை. கார்டு தர வங்கி மறுத்துவிட்டால், நிரந்தர வைப்பை அடமானமாக வைத்துக் கொடுக்கும் கார்டு இருக்கிறது. 20,000 எஃப்டி போட்டால் அதில் பெரும்பகுதி லிமிட்டாகக் கிடைக்கும், எஃப்டிக்கு வட்டியும் வரும். ஸ்கோரே இல்லாதவர்களுக்கு நான் சொல்லும் முதல் வழியே இதுதான், உங்கள் தம்பி தங்கை யாராவது இருந்தால் சொல்லுங்கள். ரூபே கார்டை யுபிஐயில் இணைத்துக்கொள்ளலாம், வசதிதான். ஆனால் டீக்கடை, முடிதிருத்தகம் என்று எல்லாம் கார்டில் போய், பில் வரும்போது எதற்குச் செலவானது என்றே தெரியாது. முதல் ஆறு மாதம் இணைக்காமல் இருந்தால் நல்லது என்பது என் அபிப்பிராயம், விதி இல்லை.

இரண்டு கார்டு வைத்தபின் பழையதை மூடாதீர்கள், கட்டணம் இல்லாத வரைக்கும். வயதான கணக்கு நல்லது, லிமிட்டும் கையில் இருக்கும். மாதம் ஒரு ரீசார்ஜ் அதில் போட்டால் போதும். ஆனால் பயன்படுத்தாமல் டிராயரில் போட்டு மறப்பது வேறு விஷயம். காவேரிப்பட்டணம் பக்கத்தில் இருந்து வீட்டுக் கடன் கேட்டு வந்த ஒருவருக்கு எல்லாம் சரியாக இருந்தது, ஒரு கார்டில் மட்டும் ஏழாயிரம் சொச்சம் பாக்கி, 180 நாளுக்கு மேல் நிலுவை. "அந்தக் கார்டை நான் ஒரு தடவைகூடத் தேய்க்கவில்லை சார்" என்றார். உண்மைதான். தேய்க்கவில்லை, வருடக் கட்டணம் விழுந்தது, கட்டாததால் தாமதக் கட்டணம், அதற்கு மேல் வட்டி, வரி. பில் எல்லாம் அவர் எப்போதோ மாற்றிவிட்ட மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது. கடன் நாலு மாதம் தள்ளிப்போனது. வேண்டாத கார்டை எழுதிக் கொடுத்து மூடுங்கள். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொல்லிக் கேட்டால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2022இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. இதைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், வேலை வேகமாக நடக்கும்.

வருடத்துக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை நாலு நிறுவனங்களும் இலவசமாகத் தர வேண்டும். அவர்களுடைய தளத்திலேயே நேராக எடுங்கள், இதற்காகத் தனியாக ஆப்புக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஜனவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று என்று மாற்றி மாற்றி எடுத்தால் வருடம் முழுக்கக் கண் வைத்த மாதிரி ஆகும். உங்களுக்குத் தெரியாத கடன் ஏதாவது இருக்கிறதா, கட்டி முடித்தது இன்னும் திறந்தே கிடக்கிறதா என்று பாருங்கள். நம் பக்கம் ஒரே பெயர், ஒரே இனிஷியலில் நாலு பேர் இருப்பார்கள், அடுத்தவர் கடன் நம் பக்கத்தில் ஒட்டிக்கொள்வது நடக்கும். தப்பு இருந்தால் அந்தத் தளத்திலேயே புகார் போடலாம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்குப் பிறகு நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அதற்கும் அசையவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரியான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் இல்லை, தகவலுக்கு 14448. "ஸ்கோரை ஏற்றித் தருகிறோம்" என்று ஐயாயிரம் கேட்பவர்கள் செய்வதும் இதே புகார்தான். சரியாக இருக்கும் பதிவை யாராலும் அழிக்க முடியாது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஸ்கோர் 800 இருந்தாலும் கடன் அளவைத் தீர்மானிப்பது உங்கள் சம்பளத்தில் என்ன மிச்சம் என்பதுதான். பொதுவாகக் கைக்கு வருவதில் பாதி வரைக்கும் எல்லா இஎம்ஐக்கும் சேர்த்து ஒதுக்குவோம். வங்கிக்கு வங்கி இது மாறும். இன்றைய சம்பளத்தில் பாதி 12,000. எட்டரை சதவீத வட்டி, 20 வருடம் என்றால் லட்சத்துக்கு இஎம்ஐ ஏறக்குறைய 868 ரூபாய், அந்த 12,000க்குப் பதின்மூன்றே முக்கால் லட்சம் கடன் வரும். நடுவில் 4,000 ரூபாய் பைக் இஎம்ஐ ஓடிக்கொண்டிருந்தால் மிச்சம் 8,000, கடன் ஒன்பதே கால் லட்சத்துக்குக் கீழே இறங்கிவிடும். கார்டு பாக்கியையும் விட மாட்டோம். பாக்கியில் 5 சதவீதத்தை மாதச் சுமையாகப் பல வங்கிகள் எடுத்துக்கொள்ளும். நாலு கார்டில் சேர்ந்து 80,000 நின்றால் அதுவும் 4,000, அந்த பைக்குக்குச் சமம். ஸ்கோரில் பத்துப் புள்ளி ஏற்ற வாங்கிய கார்டு, வீட்டில் ஒரு அறையையே குறைத்துவிடும்.

அப்புறம் அந்த இடம் அப்பா பெயரில் என்றீர்கள். அப்படியானால் அவரையும் கடனில் கூட்டு விண்ணப்பதாரராகச் சேர்க்கச் சொல்வார்கள், அவர் ரிப்போர்ட்டும் திறக்கப்படும். நகைக் கடன், தக்காளி விலை விழுந்த வருடம் தள்ளிப்போன டிராக்டர் தவணை, யாருக்காவது போட்ட ஜாமீன் எல்லாம் அதில் இருக்கலாம். வருமானத்துக்காக அம்மாவையும் சேர்ப்பதாக இருந்தால், அவர் நுண்கடன் நிறுவனத்தில் வாங்கிய குழுக் கடனும் அவர் பெயரிலேயே ரிப்போர்ட்டில் ஏறியிருக்கும், குழுத்தலைவியிடம் கட்டிவிட்டோம் என்று நினைத்த தவணை போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இரண்டு பேருடைய பான் கார்டும், ஓடிபி வரும் போனும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு ரிப்போர்ட்டையும் எடுங்கள். அவற்றில் ஏதாவது தப்போ பாக்கியோ இருந்தால் சரிசெய்ய உங்களுக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது. புரியாத வரி இருந்தால் பெயர், எண் எல்லாம் மறைத்துவிட்டு அந்த வரியை மட்டும் இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.